புழலுக்குப் போனது ஜெயில். அலைவது செங்கல்பட்டு ஜனங்கள்!

செங்கல்பட்டில் காலை எலெக்ட்ரிக் ரெயில் பிடிக்கிறவர்கள் அவர்களைப் பார்த்திருப்பார்கள். கையில் ஒரு துணிப்பை. பையில் மாற்றுத் துணி, பிஸ்கட், நாலு வாழைப்பழம். கண்ணில் தூக்கம் இல்லை. "புழலுக்கு எங்கேங்க இறங்கணும்?" என்று பக்கத்தில் இருப்பவரிடம் மெல்லக் கேட்பார்கள். கேட்டதும் ஜன்னல் பக்கம் திரும்பிக் கொள்வார்கள்.

பிள்ளை ஜெயிலில் இருக்கிறான். மனு போட்டுப் பார்க்கப் போகிறார்கள்.

மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் பக்கத்து ஆட்கள் என்றால் பாடு இன்னும் அதிகம். திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ்சில் செங்கல்பட்டுக்கு வர வேண்டும். ரெயில் பிடித்து பார்க் ஸ்டேஷன். அங்கிருந்து செங்குன்றம் போகும் பஸ். போய்ச் சேர்ந்து, வரிசையில் நின்று, சில நிமிடம் முகத்தைப் பார்த்து, அதே வழியில் திரும்ப வேண்டும். ஒரு நாள் போச்சு. அன்றைய கூலியும் போச்சு.

முன்பெல்லாம் பார்க் ஸ்டேஷனில் இறங்கினால் நடக்கிற தூரத்தில் சென்ட்ரல் ஜெயில். இன்று அந்த ஜெயிலே இல்லை. அது எப்படிப் போனது, போனதால் யாருக்கு லாபம், இடநெருக்கடி தீர்ந்ததா? கொஞ்சம் கணக்குப் பார்க்கலாம்.

ஏழு வருஷம்

சென்னை சென்ட்ரல் ஜெயில் 1837-ல் வெள்ளைக்காரன் கட்டியது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் பின்னால், ஊருக்கு நடுவில் இருந்தது. அண்ணா அங்கே இருந்திருக்கிறார். எம்.ஆர்.ராதா இருந்திருக்கிறார். 1996-ல் ஜெயலலிதாவை அங்கேதான் வைத்தார்கள். 2001-ல் கருணாநிதியை நள்ளிரவில் கைது செய்து கொண்டுபோனதும் அங்கேதான். இந்தப் பெயர்களால்தான் அந்த ஜெயில் பத்திரிகையில் அடிபட்டது. பெயர் இல்லாதவர்கள் உள்ளே நெருக்கியடித்துக் கிடந்தது செய்தி ஆகவில்லை.

1999 நவம்பர் 17-ந்தேதி அது செய்தி ஆயிற்று. கைதி ஒருவர் இறந்துபோன தகவல் உள்ளே பரவியது. கலவரம் வெடித்தது. துணை ஜெயிலர் ஒருவர் தீயில் கருகிச் செத்தார். போலீசார் சுட்டதில் கைதிகள் பலர் பலியானார்கள். இந்த நகரத்தில் வயதானவர்கள் யாரும் அந்த நாளை மறந்திருக்க மாட்டார்கள்.

"இனி இந்த ஜெயில் தாங்காது, ஊருக்கு வெளியே கொண்டுபோக வேண்டும்" என்ற பேச்சுக்கு அதன் பிறகுதான் வேகம் வந்தது. வேகம் என்றால் என்ன வேகம்? புழலில் புது ஜெயில் தயாராகிக் கைதிகள் போய்ச் சேர்ந்தது 2006-ல். ஏழு வருஷம். அதுவரை கைதிகளும் வார்டர்களும் அதே பழைய சுவருக்குள்தான் காலம் தள்ளினார்கள்.

ஜெயில் காலியானதும் கதை மாறியது. 2009 தொடக்கத்தில் பொதுமக்கள் உள்ளே போய்ப் பார்க்கலாம் என்றார்கள். குடும்பம் குடும்பமாகப் போய்ப் பார்த்தார்கள். கொட்டடியைப் பார்த்துக் குழந்தைகள் பயந்தன. அதே வருஷம் இடித்தார்கள். மெடிக்கல் காலேஜுக்குப் புதுக் கட்டடம் எழும்பியது. நல்ல காரியம்தான், யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கைதிக்கு இடம் தேட ஏழு வருஷம். காலியான மனைக்கு ஆள் தேட வேண்டிய அவசியமே வரவில்லை.

நிலம்தான் நகர்த்துகிறது

மற்ற ஊர்க் கதையும் இதேதான். கோவை சென்ட்ரல் ஜெயில் 1872-ல் வந்தது. வ.உ.சி. செக்கிழுத்த ஜெயில். காந்திபுரத்தில், கோவையின் நடு மையத்தில் பரந்து கிடக்கும் நிலம். 2010-ல் செம்மொழி மாநாடு நடந்தபோது, அங்கே பூங்கா வரும், ஜெயில் வெளியே போகும் என்று அறிவித்தார்கள். ஆட்சி மாறியது, மறுபடி மாறியது. பூங்கா 2025 நவம்பரில் திறந்தாயிற்று. ஜெயில் போகப்போகும் இடம் பிளிச்சி. பூங்கா திறந்த நாளில் அங்கே வேலை முடிந்தபாடில்லை. பூ பூத்துவிட்டது; கைதி பழைய இடத்திலேயே இருந்தார்.

மதுரை ஜெயில் 1865-ம் வருஷத்துச் சரக்கு. அரசரடியில், ஊர் சுற்றி வளர்ந்துவிட்ட இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. இடையபட்டி பக்கம் இடம் பார்த்தார்கள். காட்டையும் கோவில் மலையையும் கெடுத்துவிடும் என்று ஊர் ஜனங்கள் எதிர்த்தார்கள். மேலூர் பக்கம் வேறு இடம் தேடப் போனார்கள். இடம் தேடுவதிலேயே வருஷங்கள் ஓடின. 160 வயதுக் கட்டடத்தில் ஓதம் ஏறிய சுவர் யாருக்காகவும் காத்திருக்குமா?

நம்ம பக்கத்தில் ஒரு வேடிக்கை. 2022 மார்ச்சில் செஸ் ஒலிம்பியாட் போட்டி நமக்கு என்று முடிவானது. ஜூலை 28-ந்தேதி போட்டி ஆரம்பம். நடுவில் நாலே மாதம். மாமல்லபுரம் பூஞ்சேரியில் பிரமாண்டமான புது அரங்கம் எழும்பி நின்றது. ரோடு பளபளத்தது. 2019 அக்டோபரில் சீன அதிபர் வந்தபோதும் இப்படித்தான். அப்போது கடற்கரைக் கோவிலைச் சுற்றி நடந்த வேலையை உள்ளூர்க் கடைக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள், கதை கதையாகச் சொல்வார்கள். சர்க்காருக்குக் கட்டத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. யாருக்காக என்பதில்தான் இருக்கிறது விஷயம்.

100 பேர் இடத்தில் 131 பேர்

சரி, புழல் வந்ததே, நெருக்கடி தீர்ந்ததா?

புழல் 212 ஏக்கர். மூன்று ஜெயில்கள். தண்டனைக் கைதிகளுக்கு ஒன்று, விசாரணைக் கைதிகளுக்கு ஒன்று, பெண்களுக்குத் தனியாக ஒன்று. மொத்தம் 3,000 பேருக்கு என்று கணக்குப் போட்டுக் கட்டினார்கள். கட்டும்போது விசாலமாகத்தான் இருந்தது. விசாரணைக் கைதிகளின் ஜெயில்தான் முதலில் நிரம்பி வழிந்தது.

நாடு முழுவதும் அப்படித்தான். மத்திய சர்க்காரின் 2022-ம் ஆண்டுக் கணக்குப்படி இந்திய ஜெயில்களில் இடம் 4 லட்சத்து 36 ஆயிரத்து 266 பேருக்கு. இருந்தவர்கள் 5 லட்சத்து 73 ஆயிரத்து 220 பேர். 100 பேர் இடத்தில் 131 பேர். அதில் நாலில் மூன்று பேர் தீர்ப்பு வராதவர்கள். குற்றம் செய்தார் என்று எந்தக் கோர்ட்டும் இன்னும் சொல்லவில்லை.

"தமிழ்நாட்டில் அப்படி இல்லையே, மொத்தக் கணக்கு அளவுக்குள்தானே இருக்கிறது?" என்று அதிகாரிகள் கேட்பார்கள். உண்மை. மாநிலத்தின் எல்லா ஜெயிலையும் கூட்டிப் பார்த்தால் இடம் மிச்சம் இருக்கிறது. ஆனால் கூட்டல் கணக்கில் ஒரு தந்திரம் உண்டு. எலெக்ட்ரிக் ரெயிலில் காலை எட்டு மணிக்குத் தொங்கிக்கொண்டு போகிறவனிடம், "மத்தியானம் ரெண்டு மணி வண்டி காலியாத்தான் போவுது, சராசரி பார்த்தா உட்கார இடம் இருக்கு" என்றால் அவன் என்ன சொல்வான்? தாலுகா ஊர்களில் இருக்கும் கிளைச் சிறைகள் பலவற்றில் இடம் காலி. அந்தக் காலியும் புழலின் நெரிசலும் சேர்ந்துதான் அந்த அழகான சராசரி.

ஏன் கிளைச் சிறையில் வைப்பதில்லை? அங்கே டாக்டர் இல்லை, வார்டர் போதாது, கட்டடம் பழசு. அதனால் நாலு நாளைக்கு மேல் என்றால் சென்ட்ரல் ஜெயிலுக்கு வண்டி ஏற்றிவிடுகிறார்கள்.

உள்ளே போவது சுலபம்

மாமல்லபுரத்து வாலிபன் ஒருவன் மோட்டார் சைக்கிள் திருட்டு வழக்கில் மாட்டுகிறான் என்று வைத்துக்கொள்வோம். செய்தானோ இல்லையோ, அது பின்னால். திருக்கழுக்குன்றம் மாஜிஸ்திரேட்டு முன்னால் நிறுத்துவார்கள். 15 நாள் ரிமாண்ட். வண்டி புழலை நோக்கித் திரும்பும்.

அவனுக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது என்றே வையுங்கள். "இரண்டு நபர் ஜாமீன்" என்று உத்தரவில் இருக்கும். அங்கேதான் சிக்கல். ஜாமீன் நிற்க வருகிறவர் வீட்டு வரி ரசீது காட்ட வேண்டும், அல்லது சம்பளச் சீட்டு காட்ட வேண்டும். கல் உடைக்கிறவனுக்கும், மீன் ஏற்றுகிறவனுக்கும், வாடகைக் குடிசைக்காரனுக்கும் யார் வருவார்கள்? சொந்தக்காரர்கள் செல்போனை ஆப் செய்துவிடுவார்கள். கையில் ஜாமீன் உத்தரவு, காலில் ஜெயில். இப்படிப்பட்டவர்கள் ஒவ்வொரு ஜெயிலிலும் இருக்கிறார்கள்.

இதற்காகவே 2023-ல் மத்திய சர்க்கார் ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஏழை விசாரணைக் கைதிக்கு ஜாமீன் தொகை கட்ட அப்போது 40 ஆயிரம் ரூபாய் வரை உதவி என்றார்கள். ஜாமீன் கிடைத்து ஏழு நாளில் ஆள் வெளியே போகவில்லை என்றால், ஜெயில் அதிகாரியே சட்ட உதவி மையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அங்கிருந்து கலெக்டர், போலீஸ் சூப்பிரண்டு எல்லாரும் இருக்கிற குழுவுக்கு விஷயம் போகும். காகிதத்தில் குறையே இல்லை. ஆனால் கலெக்டர் ஆபீஸ் வரை அந்தக் காகிதத்தைத் தள்ளிக்கொண்டு போக ஒரு ஆள் வேண்டுமே!

சுப்ரீம் கோர்ட்டு 1979-லேயே பீகார் கைதிகள் வழக்கில் சொல்லிவிட்டது. விரைவான விசாரணை என்பது உயிரோடும் உரிமையோடும் சேர்ந்தது என்றது. அடுத்த நாற்பது வருஷத்தில் எத்தனையோ தீர்ப்புகள். 2024 ஜூலை 1-ந்தேதி புதுச் சட்டம் வந்தது. அதில் 479-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. முதல் தடவை வழக்கில் மாட்டிய ஆள், அந்தக் குற்றத்துக்கு உள்ள உச்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலம் விசாரணைக் கைதியாகவே கிடந்துவிட்டால், ஜாமீன் பத்திரத்தில் விட வேண்டும். மற்றவர்களுக்குப் பாதிக் காலம். திருட்டுக்கு உச்சம் 3 வருஷம் என்றால் முதல் தடவைக்காரனுக்கு ஒரு வருஷம். மனு போட வேண்டியவர் கைதி இல்லை; ஜெயில் சூப்பிரண்டே கோர்ட்டுக்கு எழுத வேண்டும். பழைய கைதிகளுக்கும் இது பொருந்தும் என்று 2024 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு தெளிவாகச் சொன்னது.

நல்ல சட்டம். ஆனால் உள்ளுக்குள் ஒரு ஓட்டை. ஒரு வழக்குக்கு மேல் இருந்தால் இந்தச் சலுகை கிடையாது. நம்ம போலீஸ் ஸ்டேஷன் பழக்கம் தெரிந்தவர்களுக்கு இதன் அர்த்தம் புரியும். பிடிபட்டவன் மீது கிடப்பில் கிடக்கும் நாலு பழைய வழக்கையும் சேர்த்துப் போட்டால் முடிந்தது, 479 அவனைத் தொடாது.

வேட்டை நடந்தால் ஜெயில் நிரம்பும்

2023 மே மாதம் ஞாபகம் இருக்கிறதா? நம்ம மாவட்டத்தில் சித்தாமூர் பக்கம், விழுப்புரத்தில் மரக்காணம் பக்கம், மெத்தனால் கலந்த சாராயம் குடித்து ஜனங்கள் செத்தார்கள். உடனே மாநிலம் பூராவும் சாராய வேட்டை. கூட்டம் கூட்டமாகக் கைது. சாராயம் காய்ச்சுகிறவனைப் பிடிக்க வேண்டியதுதான். ஆனால் சாவு விழுந்த பிறகு ஒரே வாரத்தில் அத்தனை பேரைப் பிடிக்க முடிந்தது என்றால், முந்தின வாரம் அவர்கள் எங்கே இருந்தார்கள்? அந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லை. ஜெயிலுக்குத்தான் ஆள் வந்தது.

அடுத்தது குண்டர் சட்டம். 1982-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் வந்தது. விசாரணை இல்லாமல் ஒரு வருஷம் வரை உள்ளே வைக்கலாம். தடுப்புக் காவலில் ஆள் வைப்பதில் நாட்டிலேயே நம்ம மாநிலம்தான் முதல் இடத்துக்கு வருகிறது. 2022 கணக்கில் நாடு முழுதும் இருந்த தடுப்புக் காவல் கைதிகளில் ஏறத்தாழ பாதிப் பேர் தமிழ்நாட்டில். இந்த உத்தரவுகளில் பல ஐகோர்ட்டில் ரத்தாகின்றன. ரத்தாவதற்குள் மாதங்கள் போய்விடும். அத்தனை மாதமும் ஜெயிலில் ஒரு ஆள் இடம், ஒரு ஆள் சாப்பாடு.

ஆகக் கூட்டம் எங்கிருந்து வருகிறது என்பது ரகசியம் இல்லை. ஜெயில் வாசலில் நின்று பார்த்தாலே தெரியும். வாசலைக் கவனிக்காமல் எத்தனை ஏக்கரில் கட்டினாலும் புழல் கதைதான். பணக்கார தேசமான இங்கிலாந்தே இதில் மாட்டிக்கொண்டது. 2024 செப்டம்பரில் ஜெயிலில் இடமே இல்லை என்று, தண்டனையில் 40 சதவீதம் முடித்தவர்களை முன்கூட்டியே வெளியே விட்டார்கள். விக்டோரியா ராணி காலத்து ஜெயில்களில் இன்னும் ஆள் வைத்திருக்கிற நாடு அது. கட்டுவதைத் தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

செங்கல்பட்டுக்கு என்ன செய்யலாம்?

செங்கல்பட்டு 2019 நவம்பரில் தனி மாவட்டம் ஆனது. கலெக்டர் வந்தார். போலீஸ் சூப்பிரண்டு வந்தார். மாவட்டக் கோர்ட்டு ஏற்கனவே இருக்கிறது. மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியும் உள்ளூரிலேயே இருக்கிறது. எல்லாம் இருந்தும் விசாரணைக் கைதியை மட்டும் சென்னையைத் தாண்டி வடக்கே அனுப்புகிறோம். வாய்தா நாளில் ஆயுதப்படை போலீஸ் காவலோடு அவனைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். பந்தோபஸ்து வேலை வந்துவிட்டால் காவலுக்குப் போலீஸ் கிடைக்காது. வாய்தா தள்ளிப்போகும். வீடியோவில் முகம் காட்டி ரிமாண்டை நீட்டிவிடுவார்கள். வக்கீலிடம் தனியாக ரெண்டு வார்த்தை பேச வழியில்லை. ஒவ்வொரு வாய்தா தள்ளும்போதும் புழலில் கூட்டம் கொஞ்சம் கூடுகிறது.

கோர்ட்டு இருக்கும் ஊரிலேயே விசாரணைக் கைதியை வைக்கலாமே? நம்ம மாவட்டத்துக் கிளைச் சிறைகளைச் சீர்செய்து, டாக்டர் போட்டு, வார்டர் போட்டால் பாதி அலைச்சல் குறையும். 200 ஏக்கர் தேட வேண்டாம், எந்த ஊரும் எதிர்க்காது, பதினைந்து வருஷம் காத்திருக்க வேண்டாம்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். பக்கத்தில் இருந்தால் மட்டும் போதுமா? செங்கல்பட்டு அரசு கூர்நோக்கு இல்லத்தில் 2022 டிசம்பர் 31-ந்தேதி 17 வயதுப் பையன் ஒருவன் இறந்தான். திருட்டு வழக்கில் கொண்டுவந்து சேர்த்து ரெண்டு நாள்தான் ஆகியிருந்தது. அடித்துக் கொன்றதாக இல்லத்து ஊழியர்கள் ஆறு பேர் கைதானார்கள். நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு அமைந்தது; 2023 நவம்பரில் அறிக்கை கொடுத்தார். அந்த இல்லம் ஊருக்குள்தான் இருக்கிறது. பஸ் போகிற ரோடு பக்கத்தில்தான். வெளியாள் உள்ளே வந்து பார்க்காத இடம் எங்கே இருந்தாலும் ஒன்றுதான்.

ஆகையால் கிளைச் சிறையை விரிவாக்கினால் கூடவே மாதா மாதம் நீதிபதி உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். அதற்கும் ஏற்பாடு புதிதாகச் செய்ய வேண்டியதில்லை. ஒவ்வொரு மாவட்டத்திலும் மாவட்ட நீதிபதி தலைமையில் விசாரணைக் கைதிகள் மறு ஆய்வுக் குழு என்று ஒன்று இருக்கிறது. கலெக்டரும் போலீஸ் சூப்பிரண்டும் அதில் உண்டு. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கூடி, யாரை விடலாம் என்று பட்டியல் போட வேண்டும். அந்தப் பட்டியலில் எத்தனை பேர் இருந்தார்கள், எத்தனை பேர் வெளியே வந்தார்கள் என்று கோர்ட்டு வாசல் போர்டில் ஒட்டினால் என்ன கெட்டுப்போகும்? பெயர் வேண்டாம், எண்ணிக்கை மட்டும் போதும்.

ரெயிலில் துணிப்பையோடு உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒரு தகவல். பக்கத்து சீட்டில் இருப்பவர்கள் படித்துச் சொன்னாலும் சரி. ஜாமீன் கிடைத்தும் ஆள் வரவில்லை, அல்லது வக்கீல் வைக்கப் பணமில்லை என்றால், செங்கல்பட்டு கோர்ட்டு வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம். காசு கிடையாது. நேரில் போக முடியாதவர்கள் 15100 என்ற எண்ணுக்கு போன் செய்யலாம். கைது நடந்த தேதி, போலீஸ் ஸ்டேஷன் பெயர், வழக்கு எண் மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். உள்ளே போய் எத்தனை நாள் ஆச்சு என்பதையும் விடாமல் கேளுங்கள். அந்த நாள் கணக்கில்தான் 479 நிற்கிறது.